வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கச் சொன்னது

கூரைமேல் ஏறி வேலை பார்க்கிறவனுக்குப் பயம் இருக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் தரையில் நின்றுகொண்டுதான் சொன்னார்கள். நான் பயப்படுகிற ஆள். மறைத்தாலும் தெரிந்துவிடும். பயம் வந்தால் மூக்கைச் சொறிவேன். கூட வேலை செய்கிறவர்கள் என் மூக்கைப் பார்த்தே கூரை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்பத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, இரும்புக் கேட் செய்து, ஜன்னல் கிரில் செய்து, ஷெட்டுகளுக்கு இரும்புச் சட்டம் ஒட்டி, கடைசியில் இந்த சோலார் வேலைக்கு வந்து சேர்ந்தேன். சோலார் என்றதும் ஏதோ விஞ்ஞானம் என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். விஞ்ஞானம் எல்லாம் பேனலுக்குள்ளே இருக்கிறது. எங்கள் வேலை அதைத் தாங்குகிற இரும்புக் கால்களை ஊன்றுவது, சட்டம் பூட்டுவது, பேனலை மேலே ஏற்றி இறுக்குவது. காற்றடித்தால் அது அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னால் போதும், ஆவடியில் எத்தனை, திருமுல்லைவாயிலில் எத்தனை, பூந்தமல்லியில் எத்தனை என்று நான் கைவைத்த கூரைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவேன். சோற்றில் கை வைத்தபடி ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். இன்னா யோசனை என்று மனைவி கேட்டாள். அந்த மூணாவது கால்ல ரெண்டாவது போல்ட்ட இறுக்கினேனா இல்லியான்னு தெரியல என்றேன்.

"நீ இங்க அத்த நெனச்சுகினு கீற. அந்த போல்ட்டு உன்ன நெனச்சுகினு கீதா? துன்னு," என்றாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். இறுக்கித்தான் இருந்தது. இது எனக்கு நடக்காத மாதமே இல்லை.

என்னோடு ஜோடி சேர்ந்து வேலை செய்கிறவர் பூந்தமல்லிக்காரர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணாத்தே என்பார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கைப்பிடிச் சுவர்மேல் பஸ் ஸ்டாண்டில் நடப்பது போல நடப்பார். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் போன், அந்தப் பக்கம் வீட்டம்மாவோடு பேச்சு. நான் கீழே இருந்து பார்க்க மாட்டேன். திரும்பி நின்றுகொண்டு, "பாய், பெல்ட்டு போட்டியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். "போட்டுகினேன், போட்டுகினேன்," என்று பதில் வரும். அது உண்மையா என்று பார்க்கத் திரும்பவும் பயம். ஆனால் அவரைப் போல வேலைக்காரரை நான் பார்த்ததில்லை. நான் ஒரு காலை நட்டு மட்டம் பார்த்து முடிப்பதற்குள் அவர் மூன்றை முடித்துவிட்டு என் நாலாவதுக்கு வந்து நிற்பார்.

மொட்டை மாடி எனக்குப் பிரச்சினையில்லை. கீழே கான்கிரீட் இருக்கிறது, நம்பலாம். என் உயிரை வாங்குவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரை. அதில் தடுக்கிவிழ வேண்டாம், வழுக்கிவிழ வேண்டாம், சும்மா நின்றாலே போதும். ஷீட் உடைந்து ஆள் நேராக உள்ளே போய்விடலாம். அதற்கு ஒரு நடை உண்டு. ஷீட்டை அடியில் உள்ள இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளின் தலை மேலே வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்குக் கீழேதான் இரும்பு ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பலகை போட்டு, பலகைமேல்தான் நடக்க வேண்டும். அதோடு, வெளிச்சத்துக்காக நடுநடுவே கண்ணாடி ஷீட் போட்டிருப்பார்கள். பெயர்தான் கண்ணாடி, அது ஃபைபர். பல வருஷம் வெயில் தின்ற ஃபைபரும் பொரித்த அப்பளமும் ஒன்று. பலகை போட்டாலும் அதன் பக்கம் போகக்கூடாது. மற்ற ஷீட்டெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்க, அது மட்டும் மஞ்சளடித்துப் போய் பளிச்சென்று தெரியும். தெரிவதால்தான் என்னைப் போன்றவனும் அங்கே வேலை செய்ய முடிகிறது.

ஒரு ரம்ஜான் நோன்பு மாதத்தில் எங்களுக்குத் திருமுல்லைவாயிலில் ஒரு பாலிஷ் பட்டறையில் வேலை வந்தது. எவர்சில்வர் கைப்பிடிகளையும் குழாய்களையும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற இடம். ஒரு காலத்தில் வெட்டவெளியில் இருந்திருக்கும். இப்போது நாலு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் வந்து நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெட்டை யாரிடமோ வாங்கியவர்.

முந்தின நாள் சாயங்காலம் நான் போல்ட்டு வாங்கப் பாடி கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். பாய் தனியாகப் போய்க் கூரைமேல் ஏறி அளந்து, கால்கள் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்பு சாக்பீஸால் குறி போட்டு வைத்துவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் மதியம் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். அதற்குள் ஓட்டை போடுகிற வேலையை முடித்துவிடலாம், வெயிலும் ஏறாது, நோன்பும் வாட்டாது என்பது அவர் கணக்கு. காலை ஏழரைக்கே நாங்கள் பட்டறை வாசலில் நின்றோம்.

அண்ணாச்சி விபூதியும் குங்குமமுமாக வந்து ஷட்டரைத் தூக்கினார். தூக்கின கையோடு கூரையைக் காட்டினார்.

"மேல ஏறிப் பாருங்க மேஸ்திரி. பாற்கடல் மாதிரி இருக்கும். போன மாசந்தான் வெள்ளை அடிச்சேன், சூட்டுக்கு. பெயின்டர்ட்ட கண்டிசனாச் சொல்லிட்டேன், ஒரு பொட்டு இடம் விடப்படாதுன்னு. ரெண்டு கோட்டு!"

ஏணியில் ஆறு படி ஏறித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு பொட்டு இடம் விடவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வெள்ளை, கண் கூசியது. போல்ட்டுத் தலைகள்கூடப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் போல மேடாக, உற்றுப் பார்த்தால் தெரிந்தன. அதன் நடுவே பாய் போட்ட சிவப்புக் குறிகள், பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டில் விழுந்த குறிகளைப் போல வரிசையாக இருந்தன. இறங்கிவிட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, பாத்துட்டியா? ஷோக்கா கீதா?" என்றார் பாய்.

"ஷோக்காதான் கீது," என்றேன். கை மூக்குக்குப் போயிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆரம்பிச்சிட்டாருப்பா."

எனக்கு உறுத்தியது கூரை இல்லை. உள்ளே எரிந்த டியூப் லைட். காலை எட்டு மணி, வெளியே அடிக்கிற வெயிலில் நாய் நிழல் தேடுகிறது, உள்ளே எட்டு டியூப் லைட்டும் எரிகின்றன. சுவரில் மேலே இரண்டு சின்ன வென்டிலேட்டர், அதைத் தவிர ஜன்னல் கிடையாது. சின்ன வயதில் இதே மாதிரி ஷெட்டுகளுக்கு நானே இரும்பு ஒட்டியிருக்கிறேன். ஜன்னல் வைக்கவில்லை என்றால் கூரையில் கண்ணாடி ஷீட் போடாமல் யாரும் விடமாட்டார்கள். கரண்ட் போனால் வேலைக்காரன் கை சக்கரத்துக்குள்ளே போய்விடுமே! அண்ணாந்து பார்த்தேன். பாலிஷ் தூசி படிந்து கூரையின் உள்பக்கம் முழுக்கக் கரி. எது ஷீட், எது கண்ணாடி, எது ஒட்டடை என்று ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, மேல கண்ணாடி ஷீட்டு கீதா?"

"அதெல்லாம் கிடையாது. எல்லாம் ஒரே ஷீட்டுதான்."

எங்கள் கம்பெனி இன்ஜினியர் கொடுத்த படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஆனால் இன்ஜினியர் வந்து பார்த்தது வெள்ளையடித்த பிறகு. சரி, படித்தவர் வரைந்திருக்கிறார், சொந்தக்காரர் இல்லை என்கிறார், நடுவில் எட்டாவது படித்த நான் எதைக் கண்டேன்? அப்படித்தான் என்னை நானே அடக்கிக்கொள்ளப் பார்த்தேன். அடங்கவில்லை. பாய் மேலே ஏறப்போகிறார், அந்த வெள்ளைக்கு அடியில் எங்கேயோ ஒரு அப்பளம் இருக்கிறது என்ற எண்ணம் போகவில்லை.

நேரே சொல்ல வாய் வரவில்லை. இதற்கு முன்னால் நான் நிறுத்தின வேலைகள் ஒன்றா இரண்டா? காற்று பலமாக இருக்கிறது என்று ஒருநாள், மேகம் கறுக்கிறது என்று ஒருநாள். அன்றெல்லாம் காற்றும் அடிக்கவில்லை, மழையும் பெய்யவில்லை. அதனால் சுற்றி வளைத்தேன். ஏணியின் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்றேன். பாய் சாக்கை மடித்து ஏணிக்கடியில் வைத்தார். டிரில் பிட் மொக்கை என்றேன். புதிதாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"அண்ணாத்தே," என்றார் பாய். "நோம்பு வெச்சிகினு கீறவன் நானு. மயக்கம் உனக்கு வருதா?"

பட்டறையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

"அஞ்சே நிமிஷம் பாய்."

"உன் அஞ்சி நிமிஷத்துல ஜும்மா பாங்கே சொல்லிடுவாங்க. நேத்து சாயங்காலம் முழுக்க நான் மேல நடந்துகினுதானே இருந்தேன்? வுழுந்தனா?"

விழவில்லைதான். அவர் டிரில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே சாத்தியிருந்த ஏணியைப் பார்த்துப் போனார்.

அப்போது மூலையில் உட்கார்ந்து கைப்பிடிகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், கை நிற்காமல் கேட்டார்: "மேலயே பாத்துகினு கீறியே அண்ணே, இன்னா தேடற?"

"கண்ணாடி ஷீட்டு யம்மா. வெளிச்சம் வரும் பாரு, அது. இங்க இருந்துச்சா?"

"ஷீட்டெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? ஆனா காலைல என் டேபிள் மேல சன்னமா ஒரு வெயிலு வுழும். டிபன் பாக்ஸ அதுலதான் வெப்பேன், சோறு கொஞ்சம் வெதவெதன்னு இருக்கும். இவரு வெள்ளை அடிச்சாரு, வெயிலும் போச்சி. இப்போ சோறு ஜில்லுன்னு கீது. சொன்னா சிரிக்கிறாரு."

"அது வென்டிலேட்டர் வழியா வந்த வெயிலுல்லா," என்றார் அண்ணாச்சி.

"வென்டிலேட்டர் அந்தாண்ட கீது. வெயிலு வளைஞ்சி வருமா?" என்றார் அந்த அம்மா.

பாய் அதற்குள் முதல் படியில் கால் வைத்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் பெல்ட்டைப் பின்னால் பிடித்து இழுத்துவிட்டேன். அப்படி ஒரு காரியத்தை நான் செய்ததேயில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, டிரில்லோடு என்மேல் சாய்ந்தார்.

"இன்னா ஆச்சி உனக்கு?"

"அண்ணாச்சி, ஷட்டர இறக்குங்க. லைட்ட அணைங்க. மெஷின நிறுத்துங்க," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

உள்ளே இருட்டாக இருந்தால், கண்ணாடி ஷீட் இருக்கிற இடத்தில் வெயில் கொஞ்சமாவது கசியும். எத்தனை கோட்டு அடித்தாலும் ஃபைபர் ஃபைபர்தான். இதைத்தான் நான் நினைத்தேன். அதை விளக்கிச் சொல்வதற்குள் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை காலைலயா? ஷட்டர இறக்கவா? என்ன மேஸ்திரி பேசுதீங்க! இப்பத்தான் சாம்பிராணி போட்டு வச்சிருக்கேன். லச்சுமி வார நேரத்துல கதவச் சாத்துனா வெளங்குமா? பகல்ல ஷட்டர் கீழ கெடந்தா தெருவுல போறவன் யாரு செத்தான்னுல்லா கேப்பான்!"

"ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி."

"ரெண்டு செகண்டும் முடியாது. நாளைக்கு வச்சுக்கிடலாம். சனிக்கிழமை எத்தன மணி நேரம்னாலும் சாத்துங்க, நான் கேக்கல."

"நாளைக்குன்னா, நாளைக்குத்தான் பாய் மேல ஏறுவாரு," என்றேன்.

இது பாய்க்குப் பிடிக்கவில்லை. "நான் இன்னைக்கே ஏறுவேன்," என்றார். அண்ணாச்சிக்கும் பிடிக்கவில்லை, பேனல்களை ஏற்றிக்கொண்டு வண்டி மதியம் வருகிறது. நான் பெல்ட்டை விடவில்லை. மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். சாம்பிராணிப் புகை நடுவில் போய்க்கொண்டிருந்தது.

வழி சொன்னவர் மூலையில் இருந்த அந்த அம்மாதான். "முழுசா ஏன் சாத்தணும்? ஒரு ஜாண் வுட்டு இறக்கு அண்ணாச்சி. உன் லச்சுமி குனிஞ்சி வந்துட்டுப் போறா."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்த ஒரு ஜாணை மனசுக்குள் அளந்து பார்த்தார். பிறகு, "ஒரு ஜாண். அதுக்குக் கீழ ஒரு நூல் இறங்கப்படாது," என்றார்.

இறங்கியது. ஆனால் அந்த ஒரு ஜாண் வழியாகத் தெரு வெளிச்சம் முழுக்கத் தரையில் பாய்ந்தது. அந்த அம்மா எழுந்து போய் இரண்டு கோணிச் சாக்கை இடைவெளியில் விரித்துவிட்டு, "சாக்குதானே, தள்ளிகினு வருவா," என்றார். வென்டிலேட்டர்களை அட்டையால் மறைத்தோம். மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின. கடைசியாக லைட்டு.

அதுவரை அந்தப் பட்டறைக்குள் இப்படி ஒரு அமைதி வந்திருக்காது. ஒருவர் சினிமாக் கொட்டகை போல விசிலடித்தார். "இடைவேளைக்கு முட்டை போண்டா உண்டா?" என்றார் இன்னொருவர். நான் அண்ணாந்து பார்த்தேன். கன்னங்கரேல். ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்துகினியா? போலாமா?" என்றது பக்கத்தில் பாயின் குரல்.

என் காது சூடானது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பட்டறையை நிறுத்தி, லட்சுமியைக் குனிய வைத்து, இருட்டைக் காட்டியிருக்கிறேன். இனி பூந்தமல்லிவரை இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இன்னும் ஒரு நிமிஷம், கண் பழகட்டும் என்று கெஞ்சினேன். பாய் பெருமூச்சு விட்டார்.

"தோ," என்றார் அந்த அம்மா.

அவர் டேபிளுக்கு நேர் மேலே, கடுங்காப்பி நிறத்தில், ஒரு நீள்சதுரம். வெளிச்சம் என்றுகூடச் சொல்ல முடியாது. இருட்டு அங்கே மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. கண் அதில் பழகியதும் வாசல் பக்கம் இன்னொன்று தெரிந்தது. பிறகு கடைசி மூலையில் ஒன்று. நாலாவது நடுவில், பெரிய பாலிஷ் மெஷினுக்கு நேர் மேலே. நாலு கண்ணாடி ஷீட்.

"நாலு வருசமா இதுக்குக் கீழதான் இருக்கேன்," என்றார் அண்ணாச்சி இருட்டுக்குள்ளிருந்து. அவருடைய குரல் இறங்கியிருந்தது. "பெயின்டர் பயகூட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

சொல்லியிருந்தால் ஒரு பொட்டு விடாதே என்று இவர் திட்டியிருப்பார். மேற்குச் சுவரிலிருந்து எத்தனையாவது ஷீட், வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று நாலையும் எண்ணிப் படத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று தடவை எண்ணினேன். லைட் போட்டதும் ஷட்டர்தான் முதலில் மேலே போனது. அண்ணாச்சி சாக்கைக் காலால் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அடையாளம் போட நானே ஏறினேன். பாய்க்கு ஆச்சரியம், எனக்கு அதைவிட ஆச்சரியம். கயிற்றை உள்ளே இரும்புச் சட்டத்தில் கட்டி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக வெளியே எடுத்து, என் பெல்ட்டில் மாட்டினோம். போல்ட்டு மேடுகளைக் கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, சாரப் பலகையை இரண்டு வரிசைக்குமேல் விழுகிற மாதிரி வைத்து, அதில் குப்புறப்படுத்து ஊர்ந்தேன். பார்க்க அழகாக இருந்திருக்காது. எதிர் அடுக்குமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

ஒவ்வொரு ஷீட்டாக எண்ணிக்கொண்டு போனேன். முதல் மூன்றுக்கும் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டாயிற்று. நடுவில் இருந்த நாலாவதுக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு சிவப்புக் குறி இருந்தது. பாயின் சாக்பீஸ். ஒரு கால் ஊன்றவேண்டிய இடம். குறிக்குப் பக்கத்தில் புது வெள்ளை இரண்டு இடத்தில் வட்டமாக மழுங்கியிருந்தது. ஒரு ஜாண் தள்ளி, சிவப்பு சாக்பீஸ் தூளில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை. மண்டிபோட்டு, ஒரு கையை ஊன்றி, மறு கையால் குறி போட்டிருக்கிறார். பலகையிலிருந்தபடியே சுத்தியலின் பிடியால் லேசாகத் தட்டினேன். மற்ற ஷீட் டக்கென்று பேசும். இது லொடலொட என்றது. வெள்ளையில் முடி போல ஒரு விரிசல் ஓடியது.

எவ்வளவு நேரம் அங்கேயே படுத்திருந்தேன் என்று தெரியவில்லை.

"அண்ணாத்தே, தூங்கிட்டியா?" என்றார் பாய் கீழே இருந்து.

இறங்கினேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அவருக்கும் என் பயம் ஒட்டிக்கொண்டால்? கைப்பிடிச் சுவரில் போன் பேசிக்கொண்டு நடக்கிற ஆளை நான் கெடுத்துவிட்டால்? ஆனால் இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

"பாய், அந்த நடுக் குறி எப்படிப் போட்ட? மண்டி போட்டா?"

"பின்ன, பறந்துகினா போடுவாங்க?"

"அது கண்ணாடி ஷீட்டு பாய்."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே போனார். பெரிய பாலிஷ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சக்கரம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். அந்த உயரம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. இரண்டு ஆள் உயரம், மிஞ்சிப்போனால் மூன்று. அதுபோதும்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து பெல்ட்டும் போடல அண்ணாத்தே," என்றார். "அளக்கத்தானே போறோம்னு வுட்டுட்டேன்."

நான் வாளித் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு, நேரம் இருக்கும்போதே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு இன்ஜினியருக்குப் போன் செய்தேன். படத்தில் தப்பு என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஒரு காலை மட்டும் அடுத்த ஷீட்டுக்குத் தள்ளினால் நல்லது என்று சொல்லி, பிறகுதான் காரணத்தைச் சொன்னேன். "அண்ணா, யாரும் மேலே போகாதீங்க, நான் புதுசா வரைஞ்சு அனுப்பறேன்," என்று மட்டும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் அனுப்பியும் விட்டார். அண்ணாச்சி பழைய சாமான் கடையிலிருந்து கம்பி வலை வரவழைத்து நாலு ஷீட்டுக்கும் அடியில் கட்ட ஏற்பாடு செய்தார். மாலைக்குள் கட்டி முடித்த பிறகு பட்டறை ஆட்கள் அதில் பந்தைத் தூக்கிப் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள்.

பாய் திரும்பி வந்தார். வந்தவர் பழைய பாய் இல்லை. பெல்ட்டைத் தானே எடுத்து மாட்டினார். "இந்தக் கொக்கி சரியா கீதா பாரு," என்றார். பார்த்தேன், சரியாக இருந்தது. "நல்லா இழுத்துப் பாரு." இழுத்தேன். "கயிறு?" என்றார். "இப்பதான கட்டினோம்." "இன்னொருவாட்டி பாத்துடேன், இன்னா கொறஞ்சிபோவுது?" ஏணியில் மூன்று படி ஏறி நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கூரையின் விளிம்பைப் பார்த்தபடியே நின்றார்.

எனக்கு இது மகா சங்கடமாக இருந்தது. ஒரு ஜோடியில் ஒருத்தன் பயப்பட வேண்டும், இன்னொருத்தன் பயப்படக்கூடாது. அப்போதுதான் வேலை நகரும். இருவரும் பயந்தால் பேனல் தானாக ஏறிக்கொள்ளுமா? இத்தனை வருஷம் நான் அனுபவித்துக்கொண்டிருந்த உத்தியோகத்தில் திடீரென்று பங்குக்கு ஆள் வந்துவிட்டது. ஆகவே நான் தைரியசாலி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. "பலகை நான் வெச்சது பாய், போல்ட்டு மேலதான் வெச்சேன், படுத்துப் பாத்துட்டேன், தாங்குது. என் கனம் தெரியும்ல? உன்னமாதிரி ரெண்டு ஆளு," என்று சொல்லிச் சொல்லி ஏற்றினேன். அவர் பலகையில் இரண்டு காலையும் வைத்தபோது என் கை மூக்குக்குத் திரும்பி வந்தது. நான் திரும்பிச் சுவரைப் பார்க்கவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவர் வேலை செய்வதை முழுக்கப் பார்த்தேன். ஒரு காலுக்கு இவ்வளவு நேரம் அவர் எடுத்து நான் கண்டதில்லை. ஓட்டை போட்டார், சட்டத்தோடு பூட்டினார், தண்ணீர் இறங்காமல் பசை வைத்தார், பலகையை நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கையால் தடவி இரும்பைத் தேடினார். சிவப்புக் குறி போட்ட ஷீட்டுகளை ஊரைச் சுற்றிப் போகிறவர் மாதிரி சுற்றிப் போனார். போன் அடித்தது, எடுக்கவில்லை.

பேனல் வண்டி வந்து, இறக்கி, சுவர் ஓரமாகச் சாக்கு போட்டு அடுக்கி வைத்தோம். அன்றைக்கு ஏற்றுவதில்லை என்று நான் சொல்லவில்லை, பாய்தான் சொன்னார். கால்கள் பத்தும் நட்டு முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணாச்சி யாரையோ அனுப்பிப் பேரீச்சம்பழமும் ஒரு தூக்குச் சட்டி நிறைய நோன்புக் கஞ்சியும் வாங்கி வைத்திருந்தார். பட்டறை ஆட்களுக்கு அதில் ஒரு கண்.

"எறங்கறேன் அண்ணாத்தே," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

நான் ஓடிப்போய் ஏணியின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருடைய குதிகால் ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி வந்தது. பன்னிரண்டு படி. நாள் முழுக்க வெயிலில் இருந்த மனிதர், தண்ணீர்கூட இல்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கஞ்சியைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், காதில் விழவில்லை. வெள்ளைத் தூசி ஒட்டின செருப்பு என் மூக்குக்கு நேரே வந்து, கீழே போய், தரையைத் தொட்டது. பிறகு இன்னொன்று.

"இன்னா பண்ற?" என்றார் பாய், சுற்றி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு. "எறங்கிட்டேன். ஏணிய வுடு."